காவலும் இழப்பீடும்: மேய்ச்சற் கால்நடைக் காப்புப் பற்றிய சொல்லாட்சி - ஒரு திறனாய்வு

0. முன்னுரை

காட்டை அடுத்த ஊர்களில் மேயும் ஆடுமாடுகளைப் புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவற்றிடமிருந்து காக்கும் முறைகளைப் பற்றி வனவியலாரும் கால்நடை மருத்துவரும் மிகுதியாக எழுதியுள்ளனர். அம்முறைகளுக்கு மொழியில் வழங்கும் பெயர்களும், அப்பெயர்கள் இலக்கணம், அகராதி, அரசு ஆவணம் ஆகியவற்றுள் புகும்போது அடையும் மாற்றங்களும் மொழியியல் நோக்கில் ஆராயத்தக்கவை. பாலக்காடு மாவட்டக் கொல்லங்கோட்டையும் இடுக்கி மாவட்டத்துத் தமிழ் வழங்கும் பகுதிகளையும் களமாகக் கொண்டு அவற்றை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்குக் குறிக்கப்படும் கொல்லங்கோடு, குமரி மாவட்டத்தில் அதே பெயருடன் உள்ள ஊரினின்றும் வேறானது. இது பாலக்காட்டுக் கணவாயின் தென்விளிம்பில், நெல்லியாம்பதி மலைச்சரிவின் அடியில் அமைந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இவ்வூர் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அண்டையிலுள்ள சித்தூர்ப் பகுதி கொச்சி சமஸ்தானத்தைச் சார்ந்திருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் இரண்டும் கேரளத்துள் அடங்கின. கிழக்கே பொள்ளாச்சி வழியாகக் கொங்குநாட்டோடும், தெற்கே பரம்பிக்குளம், ஆனைமலைக் காடுகளோடும் இப்பகுதி தொடர்புடையது. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் வழங்கும் இடமாதலின், கால்நடைக் காப்புச் சொற்களின் இயல்பும் சிக்கலும் இங்குத் தெளிவாகப் புலப்படுகின்றன.

1. முல்லைத் திறனாய்வில் விடுபட்ட பொருள்

முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். தலைவன் வரவை நோக்கித் தலைவி ஆற்றியிருத்தலே முல்லைப் பாடல்களின் மையம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எனினும், தற்காலத் திறனாய்வில் முல்லைநிலம் பெரும்பாலும் அமைதியின் நிலமாகவே காட்டப்படுகிறது. கார்காலம், முல்லைப்பூ, மாலைப்பொழுது, வீடு திரும்பும் ஆநிரை, கோவலர் குழலோசை என்று கருப்பொருள்கள் அடுக்கப்படுகின்றன. அந்த நிரை ஊனமின்றி வீடு திரும்புவதற்கு ஒருவர் செய்த வேலை அவ்வடுக்கில் இடம்பெறுவதில்லை.

நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு இதற்குத் தக்க சான்றாகும். அதில் முதுபெண்டிர் விரிச்சி கேட்கச் செல்கின்றனர். தாயைக் காணாது வருந்தும் கன்றுக்கு ஆய்மகள் ஒருத்தி ஆறுதல் கூறுவது அவர்கள் செவியில் விழுகிறது. கோவலர் பின்னின்று செலுத்த, கன்றின் தாய்ப்பசுக்கள் விரைந்து வந்துவிடும் என்பது அவள் சொல்லின் பொருள். அதனையே நற்சொல்லாகக் கொண்டு தலைவன் மீள்வான் என்று தலைவியைத் தேற்றுகின்றனர். உரையாசிரியர்களும் திறனாய்வாளர்களும் கன்றுக்கும் தலைவிக்கும் உள்ள ஒப்புமையை விரிவாகப் பேசியுள்ளனர். கோவலர் பின்னின்று வருதல் என்னும் குறிப்பு அந்த அளவுக்கு விளக்கம் பெறவில்லை. நிரையின் பின் நிற்பது வெறும் வருணனை அன்று. கூட்டத்தினின்று பின்தங்கும் பசுவே கொடுவிலங்குக்கு எளிதில் இரையாகும். பின்னின்று வருவோன் அந்த இடைவெளியை அடைக்கிறான். ஆய்மகளின் உறுதிமொழி இந்தக் காவலின்மீது நிற்கிறது. தலைவியின் நம்பிக்கை ஆய்மகளின் உறுதிமொழிமீது நிற்கிறது. அடித்தளமாகிய காவல் கண்ணுக்குத் தெரியாமல் போவதே இங்குச் சுட்டத்தக்கது.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஆயர் குடியிருப்பைக் காட்டுமிடத்தில் முள்வேலியும், எரு நிறைந்த முற்றமும், கழிகளால் செறித்த கதவும் கூறப்படுகின்றன. மலைபடுகடாத்தில் மலையில் எழும் ஒலிகளை அடுக்கும் பகுதியில், புலி பாய்ந்தமையால் கணவர் மார்பிற்பட்ட புண் ஆறுவதற்குக் கொடிச்சியர் காப்பாகப் பாடும் பாட்டொலியும் ஒன்று. வேலி, கதவு, காயம், மருந்துப் பாட்டு என்று காவலின் உறுப்புகள் பாட்டுகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தொகுத்து ஒரு பொருளாகக் காணும் நோக்கு திறனாய்வில் வளராமையே குறை. பாடல்களில் குறை இல்லை.

2. ஆகோள் பெற்ற இலக்கணம்

கால்நடை இழப்பு இருவகைப்படும்: மாந்தரால் நேர்வது, விலங்கால் நேர்வது. முன்னதற்குத் தமிழ் இலக்கணம் விரிவான சொல்லமைப்பை வகுத்துள்ளது. தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித் திணையைப் பதினான்கு துறையினதாகக் கூறுகிறது. படை புறப்படும் ஒலி முதல் நிரை கவர்தலாகிய ஆகோள், கவர்ந்ததைப் பகிரும் பாதீடு, உண்டாட்டு, கொடை ஈறாக ஒவ்வொரு நிலைக்கும் பெயர் உண்டு. நிரை மீட்டலைத் தொல்காப்பியர் வெட்சியுள் அடக்க, ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை அதனைக் கரந்தை எனத் தனித்திணையாக்கியது. மீட்கும் போரில் இறந்தவனுக்குக் கல் நடுவதற்கும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகள் கூறப்பட்டன.

பின்னதாகிய விலங்கு இழப்பிற்கு இத்தகைய துறைப்பெயர் வரிசை வகுக்கப்படவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. ஆகோள் வேந்தனோடும் படையோடும் கொடையோடும் தொடர்புடைய பொதுநிகழ்ச்சி. புலி பசுவைக் கொல்வது ஒரு குடும்பத்தின் இழப்பு. பாதீடும் உண்டாட்டும் அதில் இல்லை.

இலக்கணம் விட்ட இடத்தைக் கல் ஓரளவு நிரப்புகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டப் பகுதிகளில் புலிகுத்திக் கற்கள் பல கிடைத்துள்ளன. பின்னங்காலூன்றி எழுந்து நிற்கும் புலியை வீரன் ஈட்டியாலோ வாளாலோ குத்தும் காட்சி அவற்றில் செதுக்கப்பட்டிருக்கும். தேனி மாவட்டத்தில் புலிக்குத்தி என்று ஊர்ப்பெயரே வழங்குகிறது. கொல்லங்கோட்டுக்குக் கிழக்கேயுள்ள கொங்குச் சமவெளி முழுவதும் ஒருகாலத்தில் இவ்விலங்குக்கும் கால்நடைக்கும் பொதுநிலமாக இருந்தது என்பதற்கு இவை சான்று.

இக்கற்களைப் பற்றிய எழுத்துகளில் வீரம் என்னும் சொல் மிகையாகப் பயின்று வருகிறது. ஆயின் கல்லின் பெயரையே கூர்ந்து நோக்கினால் வேறொரு செய்தி புலனாகும். ‘புலிகுத்திப்பட்டான் கல்’ என்பதிலுள்ள ‘பட்டான்’ என்னும் வினை இறந்தமையைக் குறிக்கிறது. புலியைக் குத்தியமைக்காக அன்றிக் குத்தி இறந்தமைக்காகவே கல் நடப்பட்டது. இரவு முழுதும் விழித்திருந்து, தீ மூட்டி, குரல் கொடுத்து, புலி பட்டியை நெருங்காமலே திரும்பும்படி செய்தவனுக்குக் கல் இல்லை. காவல் வென்ற இரவில் நிகழ்ச்சி எதுவும் இல்லை. நிகழ்ச்சி இல்லாதவிடத்துக் கல்லும் இல்லை, துறையும் இல்லை. காவல் தோற்ற இரவே பதிவு பெறுகிறது. இவ்வியல்பு பழங்காலத்தோடு முடியவில்லை என்பது பின்னர்க் காட்டப்படும்.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல் ஒரு விலக்காக நிற்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்ததாகிய அக்கல்லில் வீரனோடு கோவிவன் என்னும் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அது கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தி எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. எதிரி அங்கும் மனிதனே. எனினும், காத்து நின்றமை என்னும் செயல் வினைச்சொல்லாகவே கல்லில் ஏறியிருப்பது இவ்வாய்வுக்குப் பயனுடையது.

3. புலி, கடுவா, சிறுத்தை

காவலின் முதற்படி, வந்த விலங்கு எது என அறிதல். எல்லைப் பகுதியில் இம்முதற்படியிலேயே மொழிச்சிக்கல் தோன்றுகிறது. இன்றைய எழுத்துத் தமிழில் புலி என்பது வரிகளையுடைய பெருவிலங்கு, புள்ளிகளையுடையது சிறுத்தை. மலையாளத்தில் வரிகளையுடையது கடுவா. புலி என்றால் புள்ளிகளையுடைய விலங்கு. எனவே ஒரே சொல் இரு மொழிகளிலும் இருவேறு விலங்குகளைக் குறிக்கிறது. அண்டையண்டையாக அமைந்த காப்பகங்களின் பெயர்களே இதனைக் காட்டும். தமிழகப் பக்கத்தில் இருப்பது ஆனைமலைப் புலிகள் காப்பகம். கேரளப் பக்கத்தில் இருப்பது பரம்பிக்குளம் கடுவா சங்கேதம்.

மலையாளத்திலும் புலி என்பது முன்பு இரண்டிற்கும் பொதுப்பெயராக வழங்கியிருத்தல் வேண்டும். திருச்சூர்ப் புலிக்களியில் வரி தீட்டிக்கொண்டவரை வரயன் புலி என்றும், புள்ளி தீட்டிக்கொண்டவரைப் புள்ளிப்புலி என்றும் வழங்குவது அப்பழைய நிலையின் எச்சம். தமிழிலும் பேச்சுவழக்கில் சிறுத்தைப்புலி என்னும் தொகை வழங்குவது நோக்கத்தக்கது. பொதுப்பெயரும் சிறப்புப்பெயரும் பிரிந்தபோது, தமிழ் பெரியதற்குப் பொதுப்பெயரை வைத்துக்கொண்டது. மலையாளம் சிறியதற்கு வைத்துக்கொண்டது.

நிகண்டுகள் இச்சிக்கலைத் தீர்ப்பதற்கு உதவுவதில்லை. வேங்கை, உழுவை, கொடுவரி, வயமா என்று அவை புலியின் பெயர்களை ஒரே வரிசையில் அடுக்குகின்றன. வளைந்த வரியைச் சுட்டும் கொடுவரி என்னும் பெயர் இனத்தைத் தெளிவாக வரையறுப்பது. ஏனையவற்றோடு அதனைச் சமமாக வைத்தமையால் அவ்வரையறை மங்கியது. தற்கால இதழ்த்தமிழ் மேலும் ஒரு குழப்பத்தைச் சேர்த்தது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ தேசியப் பூங்காவிற்குச் சிவிங்கிப்புலிகள் கொண்டுவரப்பட்டபோது, தமிழ்ச் செய்திகள் பலவற்றில் அவை சிறுத்தை என்றே எழுதப்பட்டன.

இது அகராதியோடு முடியும் குறை அன்று. சிறுத்தை பெரும்பாலும் ஆடு, கன்று, நாய் ஆகியவற்றைக் கொள்ளும்; வளர்ந்த பசுவையும் எருமையையும் வீழ்த்தும் வலிமை புலிக்கு உண்டு; செந்நாய் பகலில் கூட்டமாக வேட்டையாடும். ஒவ்வொன்றிற்கும் காவல்முறை வேறுபடும். மேலும் இழப்பு பற்றிய விண்ணப்பத்தில் விலங்கின் பெயர் எழுதப்பட வேண்டும். தமிழ் பேசும் ஒருவர் புலி என்று கூறுவதையும் மலையாளத்தில் எழுதுவோர் புலி என்று பதிவதையும் ஒன்றாகக் கொண்டால், கூறியவர் நினைத்த விலங்கு தாளில் இராது. ஆவணத்தில் வரி, புள்ளி என்னும் அடையாளங்களைப் பெயரோடு சேர்த்து எழுதினாலே இச்சிக்கல் பெரும்பாலும் நீங்கும்.

4. அடித்தது, பிடித்தது, தூக்கியது

பெயர்ச்சொற்களில் உள்ள இக்குழப்பம் வினைச்சொற்களில் இல்லை. கால்நடை வளர்ப்போரின் பேச்சில் கொல்லுதல் என்னும் பொதுவினை அரிதாகவே வருகிறது. மாட்டைப் புலி ‘அடிச்சிருச்சு’ என்பர். ஆட்டைச் சிறுத்தை ‘பிடிச்சிருச்சு’ என்பர். குட்டியைத் ‘தூக்கிட்டுப் போயிருச்சு’ என்பர். இவை ஒருபொருட்பன்மொழிகள் அல்ல. அடித்தல் என்பதில் பெரிய உடல் விழுந்த இடத்திலோ அதன் அருகிலோ கிடக்கும் என்னும் குறிப்பு உண்டு. பிடித்தல் என்பது பற்றிய செயலை மட்டும் கூறும். விலங்கு விட்டுவிட்டுப் போயிருக்கவும் கூடும். தூக்குதல் என்பதில் உடல் அங்கு இல்லை என்பது உட்கிடை.

இவ்வேறுபாட்டின் பயன் இழப்பீட்டு நடைமுறையில் தெரியும. இறந்த உடலைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்றளிப்பதும், வனத்துறையினர் தடயத்தை உறுதிசெய்வதும் வழக்கமான நடைமுறை. ‘அடித்தது’ என்னும் வினைக்குரிய இழப்பு இந்நடைமுறைக்குள் எளிதில் அடங்கும். ‘தூக்கியது’ என்னும் வினைக்குரிய இழப்பில் சான்றாகிய உடலே இல்லை. ஆடு வளர்ப்போர் மாடு வளர்ப்போரினும் வறியவராக இருப்பது பொதுநிலை. அவருடைய இழப்பே தூக்கிச் செல்லப்படுவது. ஆவணமொழி மூன்று வினைகளையும் ‘கொன்றது’ என்னும் ஒரே வினையாக்கும்போது, ஏழையின் இழப்பைக் குறிக்கும் வினை விண்ணப்பத்தில் இடமின்றிப் போகிறது. பேச்சுமொழி துல்லியமற்றது, ஆவணமொழி துல்லியமானது என்னும் பொதுநம்பிக்கை இங்குப் பொருந்தவில்லை.

5. பட்டி, கிடை, தொழு, கூடு

கால்நடை இரவில் தங்குமிடத்தைக் குறிக்கும் சொற்களை அகராதிகள் ஒன்றற்கொன்று பொருளாகத் தருகின்றன. பட்டிக்குக் கொட்டில், கொட்டிலுக்குத் தொழு, தொழுவுக்குப் பட்டி எனப் பொருள் சுற்றிவருவதைக் காணலாம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இலக்கிய வழக்கையும் நிகண்டு வழக்கையும் அரும்பாடுபட்டுத் தொகுத்தது. தங்குமிடத்தின் அமைப்பு வேறுபாட்டை விளக்குவது அதன் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை. கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்கு அகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் தொழிற்சொற்களுக்கு வாயில் திறந்தன.

கூரை, சுவர், இடம்பெயர்தல் என்னும் மூன்று கூறுகளைக் கொண்டு நோக்கினால் இச்சொற்கள் தெளிவாகப் பிரியும். கிடை என்பது வயலில் எருவுக்காக ஆட்டையோ மாட்டையோ இரவில் மடக்கி வைப்பது; கூரை இல்லை, இடம் மாறிக்கொண்டே இருக்கும். பட்டி என்பது வேலியோ படலோ சூழ்ந்தது. கூரை இருக்க வேண்டுவதில்லை. தொழுவமும் கொட்டிலும் கூரையுடையன, வீட்டை அடுத்திருப்பன, பக்கம் திறந்திருத்தலும் உண்டு. கேரளப் பகுதியில் வழங்கும் ஆட்டுக்கூடு, கால்கள்மேல் உயர்த்திப் பலகை பரப்பி, நாற்புறமும் அடைத்துக் கூரையிட்டது.

கொங்குச் சமவெளிக்கு உரியதாகிய பட்டி மலையடிவாரத்திற்கு வரும்போது சொல் மாறாமலே பொருள் போதாமல் போகிறது. சமவெளியில் பட்டியின் எதிரி நரியும் கள்வனும். கிளுவை வேலி அவற்றுக்குப் போதும். சிறுத்தை மரமேறும், சுவர் தாவும். அதற்கு வேலியினும் கூரையும் கதவுமே இன்றியமையாதவை. கூரையற்ற அடைப்புக்குள் இத்தகைய விலங்கு புகுந்தால் தப்ப வழியற்ற பல ஆடுகள் ஒரே இரவில் மடியும். லடாக்கில் பனிச்சிறுத்தையிடமிருந்து ஆடுகளைக் காக்கக் கல்லடைப்புகளுக்குமேல் கம்பிவலைக் கூரையும் உறுதியான கதவும் பொருத்தியமை இதனாலேயே. வடதான்சானியாவில் மாசாய் மக்களின் அடைப்புகளுக்குக் கம்பிவலையோடு உயிர்மரங்களை நட்டு வேலியாக்கும் முறை பரவியுள்ளது. அம்மரம் கொங்குநாட்டுக் கிளுவையின் பேரினமாகிய கொம்மிஃபோராவைச் சார்ந்ததே. ஆப்பிரிக்காவில் புதிய முறையாகப் பரவிய ஒன்றற்குரிய சொல்லும் செடியும் கொங்கு வேலியோரத்தில் முன்பே உள்ளன என்பது மகிழ்தற்குரியது. கிளுவையோடு கூரையும் சேர்ந்தாலன்றி அது மலையடிவாரத்துக்கு உதவாது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

பட்டி என்னும் சொல்லில் இருமொழியச் சிக்கலும் உண்டு. மலையாளத்தில் பட்டி என்பது நாய். ‘புலி பட்டியெப் பிடிச்சு’ என்னும் தொடர் மலையாளியின் செவிக்குச் சிறுத்தை நாயைப் பிடித்தது என்றே பொருள்படும். ஏறத்தாழ அதே ஒலியுடைய தொடரைத் தமிழர் கூறின், கேட்கும் தமிழர் ஆட்டடைப்பு தாக்கப்பட்டதாகக் கொள்வர். சிறுத்தை நாயை விரும்பி உண்ணும் விலங்காதலின் இரு பொருளும் நிகழக்கூடியவை. சூழலால் ஐயம் நீங்காது. காக்கப்படும் இடத்தின் பெயரும் காக்கும் விலங்கின் பெயரும் ஒரே ஒலியில் அமைந்தமை தற்செயலா, வரலாற்றுத் தொடர்பா என்பது தனியே ஆராய வேண்டிய வினா.

நாய் பற்றிய மற்றொரு குறிப்பும் இங்குப் பொருந்தும். தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைப்பெயர் குருளை என்கிறது. காவல் விலங்கையும் கொடுவிலங்கையும் ஒரே பெயருள் அடக்கும் இவ்வகைப்பாட்டில் விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு கணக்கில் கொள்ளப்படவில்லை. நமீபியாவில் 1994 முதல் காவல்நாய்களைக் குட்டிப்பருவத்திலேயே ஆட்டு மந்தையோடு வளர்த்துச் சிவிங்கிப்புலியிடமிருந்து மந்தையைக் காக்கும் திட்டம் நடைபெற்று வருகிறது. அங்கு நாய்க்குரிய பெயர் அதன் தொழிலைக் கொண்டு அமைகிறது. தமிழில் கோம்பை, இராசபாளையம், சிப்பிப்பாறை என நாயின் பெயர் ஊரைக் கொண்டு அமைகிறது.

6. காப்பு என்னும் சொல்லின் இடமாற்றம்

காவல், காப்பு, காப்பகம் ஆகிய மூன்றும் ‘கா’ என்னும் ஒரே வினையடியிற் பிறந்தவை. இவற்றுள் காவல் ஆடுமாட்டையும் பயிரையும் சார்ந்து நின்றது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்திற்குப் பின் காப்புக்காடு என்னும் ஆட்சிச்சொல் நிலைபெற்றது, காக்கப்படுவது காடாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் காக்கப்படுவது விலங்காயிற்று. புலிகள் காப்பகம் என்னும் தொடரில் புலி காப்பின் செயப்படுபொருள். புலியிடமிருந்து காத்தல் என்று வழங்கிய வினை புலியைக் காத்தல் என்று வேற்றுமை மாறியது. வேற்றுமை உருபின் இம்மாற்றத்தில் ஒரு நூற்றாண்டின் நிலவரலாறு அடங்கியுள்ளது.

இம்மாற்றம் தவறு என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அருகிவரும் உயிரினத்தைக் காப்பது கடமை. மேற்கூறிய சட்டத்தின் 11-ஆம் பிரிவு, முதல் அட்டவணையிலுள்ள விலங்கை வேட்டையாட இசைவு தருவதற்கு மனித உயிருக்கு ஆபத்து என்பதைக் காரணமாக ஏற்கிறது; உடைமைக்கு ஆபத்து என்பதை அவ்வட்டவணை விலங்குக்குக் காரணமாக ஏற்பதில்லை. புலியும் சிறுத்தையும் அவ்வட்டவணையின. ஆகவே கால்நடை இழந்தவருக்குப் புலிகுத்திக் கல்லின் வழி இன்று இல்லை, இருத்தலும் கூடாது. எஞ்சியிருப்பவை இரண்டே: முன்னர்க் காத்தல், பின்னர் ஈடு பெறுதல்.

இவ்விரண்டில் ஆட்சிமொழி பின்னதையே வளர்த்துள்ளது. கேரளத்தில் வனவிலங்குத் தாக்குதலுக்கு ஆளானோர்க்கு இழப்பீடு வழங்கும் விதிகள் 1980-இல் வகுக்கப்பட்டன. தமிழில் இழப்பீடு, நட்ட ஈடு என்றும், மலையாளத்தில் நஷ்டபரிகாரம் என்றும் சொற்கள் வேரூன்றின. மொத்த நிகழ்வைக் குறிக்க மனித-வனவிலங்கு மோதல் என்றும் சங்கர்ஷம் என்றும் தொடர்கள் வந்தன. 2024 மார்ச்சில் கேரள அரசு அதனை மாநிலச் சிறப்புப் பேரிடராக அறிவித்தது. மோதல், பேரிடர், இழப்பீடு ஆகிய மூன்றும் நிகழ்ச்சிச் சொற்கள், நிகழ்ந்தபின் பயன்படுவன. நிகழாமல் தடுக்கும் அன்றாட உழைப்புக்கு இவற்றோடு ஒப்ப நிற்கும் ஆட்சிச்சொல் வேரூன்றவில்லை. நடுகல் பற்றிக் கூறிய இயல்பு இங்கு மீண்டும் தோன்றுகிறது. காவல் தோற்ற இரவுக்கு விண்ணப்பம் உண்டு. வென்ற இரவுக்குத் தாளில் இடமில்லை.

மோதல் என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. மோதல் நிகழ ஒத்த நிலையினர் இருவர் வேண்டும். 2022 அக்டோபர்த் தொடக்கத்தில் மூணாறு அருகே நயமக்காடு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் தொழுவங்களில் கட்டியிருந்த பசுக்களைப் புலி ஒன்று அடித்தது. இரண்டு நாள்களில் ஏறத்தாழப் பத்துப் பசுக்கள் இறந்தன. கூண்டில் சிக்கிய அப்புலியின் ஒரு கண்ணில் புரை இருந்தமை கண்டறியப்பட்டது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அது, சில நாள்களில் நீர்த்தேக்கத்தில் மீன்வலையில் சிக்கி இறந்து கிடக்கக் காணப்பட்டது. கண்பார்வை குறைந்த விலங்கும், தோட்டக் கூலியோடு பசுவின் பாலையும் நம்பிவாழும் குடும்பமும் மோதிக்கொண்டன என்று கூறுவது நிகழ்ச்சியை விளக்குவதாகாது.

2024 மே 22-ஆம் நாள் கொல்லங்கோட்டை அடுத்த வாழப்புழையில் தனியார் தோட்டத்துக் கம்பிவேலியில் சிறுத்தை ஒன்று சிக்கியது. மயக்க ஊசி செலுத்திக் கூண்டில் ஏற்றப்பட்ட அது சில மணிநேரத்தில் இறந்தது. வேலி என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றே. காப்பது என்பதே இரு மொழியிலும் அதன் முதற்பொருள். காட்டோரத்தில் வேலி எதைக் கொண்டு, எவ்வாறு அமைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அது கால்நடைக்குக் காப்பாகவோ விலங்குக்குக் கண்ணியாகவோ ஆகும். முள்வேலி, உயிர்வேலி, கம்பிவேலி, மின்வேலி ஆகியவற்றை வேலி என்னும் ஒரே தலைப்பில் அடக்கும் திட்டக்குறிப்புகள் இவ்வேறுபாட்டை மறைக்கின்றன.

காவல் ஆவணத்தில் இடம்பெறாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அவ்வேலையைச் செய்தோர் பெரும்பாலும் கூலியாளரும் சிறுவரும் பெண்டிருமே. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலில் பண்ணையத்துக்கு அடிமைப்பட்ட சிறுவன் ஆடு மேய்ப்பதோடு இரவில் பட்டிக்காவலும் இருக்கிறான். ஆட்டின் விலை கணக்கில் உண்டு, அவன் உறக்கத்தின் விலை கணக்கில் இல்லை. மேய்ச்சல் உரிமை சுருங்கியபின் இந்நிலை மேலும் இறுகியது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றிற்கு வரையறுத்தது. மலைமாடு மேய்ப்போர் வழியாகக் காட்டுக்குள் வழங்கிய காவற்சொற்கள், மேய்ச்சல் நின்றால் பேசுவோரை இழக்கும். சொல் மறைவதற்கு முன் தொகுப்பது மொழியியலாரின் கடமை.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு: முல்லை இலக்கியத்தில் கால்நடைக் காவலுக்குச் சான்றுகள் உண்டு, திறனாய்வு அவற்றைத் தனிப்பொருளாகக் கொள்ளவில்லை. இலக்கணம் மாந்தர் கவர்ந்த நிரைக்குத் துறை வகுத்தது; விலங்கு கொன்ற நிரையைக் கல்லே பேசியது, அதுவும் காவலன் இறந்தபோது மட்டும். அகராதிகள் தங்குமிடப் பெயர்களின் அமைப்பு வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டவில்லை. ஆட்சிமொழி இழப்பை அறியும், காவலை அறியாது.

இதனின்று சில செயல்கள் பின்தொடர்கின்றன. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு கொள்ளும் உரிமையை வழங்கியது. அவ்வுரிமை பயன்பெற வேண்டுமாயின் விண்ணப்பப் படிவத்தில் விலங்கின் பெயர் இருமொழியிலும் அடையாளத்தோடு அமைதல் வேண்டும். உடல் கிடைத்தது, கிடைக்கவில்லை என்னும் வேறுபாட்டுக்குத் தனிக்கட்டம் வேண்டும். கால்நடை அடைந்திருந்த இடம் பட்டியா, கூடா, கூரை உண்டா என்பதும் பதியப்பட வேண்டும். இப்பதிவுகள் சேர்ந்தால் எவ்வகை அடைப்பு எவ்விலங்கைத் தடுக்கிறது என்பது ஊர்தோறும் தெரியவரும். காவற்கூலி, காவற்பணி என்னும் எளிய தொடர்கள் திட்டமொழியில் இடம்பெற்றால், கூரை அமைப்பதற்கும் விளக்கு வைப்பதற்கும் நாய் வளர்ப்பதற்கும் இரவில் விழித்திருப்பதற்கும் பொருளுதவி கேட்க ஒரு தலைப்பு கிடைக்கும். இன்று கேட்பதற்குரிய சொல் இல்லாமையால், மாடு இறந்த பிறகே வளர்ப்போர் அலுவலகத்தின் வாயிலுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.